இருநூற்று மூன்று

ஆறு வருடம் எனக்கும் எஞ்சினுக்கும் நடுவே
ஒரே ஒரு சிவப்பு விளக்குதான்.
எரிந்தால் நில்.
எரியாவிட்டால் போய்க்கொண்டே இரு.
கலாமாவிலிருந்து சான் பெத்ரோவுக்கு
மண்மாதிரிப் பைகளைக் கட்டிக்கொண்டு
வாரம் மூன்று நடை.
அது எரிந்ததே இல்லை.
நல்ல வண்டி என்று
கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுச் சந்தையில்
பழைய சார்ஜர்களுக்கும் சாக்ஸ் கட்டுகளுக்கும் இடையே கிடந்தது
தீப்பெட்டியளவு டிஜிட்டல் வெப்பமானி.
எட்டாயிரம் பேசோ என்றான், ஆறுக்குத் தந்தான்.
விளக்கத் தாளில் எனக்குப் புரிந்த ஒரே மொழி
படத்திலிருந்த அம்புக்குறி.

ரேடியேட்டர் நீரை வடித்தேன்.
கீரை வெந்த தண்ணீர்போலப் பச்சையாய்
எல்சீராவின் துணி அலசும் பேசினில் இறங்கியது.
(அவள் பஸ் வருவதற்குள் கழுவி வைத்துவிடலாம்.)
குழாயை அறுக்குமுன் மூன்று தடவை அளந்தேன்,
மூன்றும் வேறு வேறு.
ரொட்டிக் கத்தியால் ஒரே அறுப்பு.
இரண்டு முனைக்கும் நடுவே அலுமினியத் துண்டு,
அதன் முதுகில் சென்சார்,
மரையில் வெள்ளை டேப், பக்கத்துக்கொரு கிளிப்.
கறுப்பு வயர் சட்டத்துக்கு.
சிவப்பு வயருக்கு மட்டும்
சாவியோடு விழித்துச் சாவியோடு உறங்கும் மின்சாரம் வேண்டும்.

அதைத் தேடித்தான் மீட்டர் மூடியைக் கழற்றினேன்.
பழைய விளக்கு கையோடு வந்தது.
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
இழை அறுந்திருந்தது.
கண்ணாடி உள்ளே கரிபிடித்து,
எத்தனை காலமோ,
நான் வாங்கும்போதே அப்படித்தானோ.

ஸ்பானரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
செத்த பல்பு ஒன்று பேசாதிருந்ததை
நலம் நலம் என்று
ஆறு வருடமாய்ப் படித்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து எண்கள்.
நீல எண்கள்.
காலையில் ஒன்பது.
ஊர் எல்லையில் எழுபத்தெட்டு.
லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தொண்ணூற்றாறு.
நூற்றொன்றில் விசிறி சுழலும்,
அந்தச் சத்தத்துக்கு ஓர் எண் இருந்தது
அப்போதுதான் தெரியும்.
சாலையில் பாதியும் எண்ணில் பாதியுமாய் ஓட்டினேன்.
எரிமலைகள் வந்து போயின. நான் தொண்ணூற்றிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோமெய்கோ ஏற்றத்தில், வியாழக்கிழமை,
திரையில் படிந்த தூசியைக்
கையுறை விரலால் துடைத்தேன்.
நிமிர்ந்து மறுபடி பார்த்தால்
இருநூற்று மூன்று.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
எனக்கோ பட்டப்பகல், பேய் நீல நிறத்தில்.
சாவியைப் பிடுங்கினேன்.
உப்புக் காற்று காதைத் திருகியது.
ஒரு புல்லும் இல்லை, மறைய ஒரு கல்லும் இல்லை.
எஞ்சினின் சமாதிக்குக் காவல்போல
நாற்பது நிமிடம் நின்றேன்.

போராக்ஸ் லாரி ஒன்று மூச்சிரைத்து நின்றது.
இறங்கியவள் பெயர் ஒதிலியா, சட்டையில் தைத்திருந்தது.
“எஞ்சின் போச்சு,” என்றேன்.
“சாவியைப் போடு.”
நூற்றுப் பதினெட்டு.
அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.
“நூற்றுப் பதினெட்டில் வெந்துகொண்டிருக்கும் இரும்பில்தானா
நீ குளிர் காய்கிறாய்?”

அப்போதுதான் பார்த்தேன்.
இரண்டு உள்ளங்கையும் சிலிண்டர் மேல்.
எப்போது வைத்தேன் என்று தெரியாது,
கழற்றிய கையுறைகள் காலடியில்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.
நாற்பத்தெட்டு.
“ஃபாரன்ஹீட்,” என்றாள்,
பக்கத்து வீட்டு வம்பனின் பெயரைச் சொல்வதுபோல.
சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினாள்,
வளைவு தாண்டும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

பேசின் விஷயம் எல்சீராவுக்குத் தெரிந்துவிட்டது.
பச்சை விளிம்பு போகவில்லை.

புதுப் பல்பு நூற்றைம்பது பேசோ.
வெப்பமானியும் இருக்கிறது, பொத்தான்மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.
ஆனால் விடியலில் சாவியைத் திருப்பியதும்
ஒரு நொடி, ஒரே நொடி, குனிந்து பார்க்கிறேன்.
சிவப்பு எரிந்தால்தான்
கிளம்புகிறேன்.